உள்ளங்கையில் அடங்கும் ஓவியங்கள்

ஓவியம் என்றதும் பலருக்கும் அகன்ற சுவரோ பெரிய துணித்திரையோதான் நினைவுக்கு வரும். இந்தியாவின் பழைய பௌத்த ஓவியங்களுள் பெரும்புகழ் பெற்றவையும் சுவரோவியங்களே. மகாராட்டிர மாநிலத்திலுள்ள அஜந்தாக் குகைகளில், கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட உருவங்கள் சுவர் நிறைய நிற்கின்றன. அதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், கிழக்கிந்தியாவில் பௌத்த ஓவியம் வேறோர் இடத்திலும் செழித்தது. ஓலைச்சுவடியின் ஏட்டில், எழுத்து வரிகளுக்கு நடுவே விடப்பட்ட ஒரு சிறு கட்டம்தான் அந்த இடம். அந்தக் கட்டம் ஓர் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

இந்தக் கலை வளர்ந்த பெருமடங்களின் கட்டடங்கள் இன்று இடிபாடுகளாக உள்ளன. அவற்றின் சுவர்களில் இருந்த ஓவியங்களும் ஏறத்தாழ முழுமையாக மறைந்துவிட்டன. ஓலையில் தீட்டப்பட்டவற்றுள் சிலவோ ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து இன்றும் வண்ணத்தோடு விளங்குகின்றன. வலிய செங்கல் சுவர் வீழ்ந்தபோது மெல்லிய ஓலை எவ்வாறு பிழைத்தது? இக்கேள்விக்கு விடை தேடும்போது, அந்த ஓவியப் பாணியின் இயல்பும் சேர்ந்தே புலப்படும்.

பாலர் ஆட்சியும் பெருமடங்களும்

எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை, இன்றைய பீகார், மேற்கு வங்காளம், வங்காளதேசம் ஆகிய பகுதிகளைப் பால மரபினர் ஆண்டனர். இவர்கள் பௌத்த மடங்களை ஆதரித்தனர். பழம்பெருமை வாய்ந்த நாலந்தாவோடு விக்கிரமசீலம், சோமபுரம் போன்ற பெருமடங்களும் இவர்கள் காலத்தில் சிறந்து விளங்கின. அங்குத் துறவிகள் தங்கினர்; மாணவர்கள் பயின்றனர்; நூல்கள் படியெடுக்கப்பட்டன.

அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில் ஒரு நூலின் வாழ்வு படியெடுப்பவரின் கையில் இருந்தது. ஓலை நாளடைவில் நொறுங்கும், பூச்சி அரிக்கும், ஈரம் பட்டால் கெடும். எனவே, ஒரு நூல் அழியாமல் இருக்க வேண்டுமானால் அதைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஆளும் பொருளும் தேவைப்பட்டன.

அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு நாலந்தாவில் கிடைத்த ஒரு செப்பேடு சான்று தருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் சுவர்ணத்தீவின் மன்னரான பாலபுத்திரதேவர் நாலந்தாவில் ஒரு மடத்தைக் கட்டினார். சுவர்ணத்தீவு என்பது இன்றைய சுமத்திரா. அவருடைய வேண்டுகோளுக்கு இணங்கி, பால மன்னர் தேவபாலர் அந்த மடத்துக்கு ஐந்து ஊர்களின் வருவாயை வழங்கினார். துறவிகளின் உணவு, உடை, படுக்கை, நோயுற்றவர்களுக்கான மருந்து ஆகியவற்றோடு, அறநூல்களை எழுதுவதற்கும் அந்த வருவாய் பயன்பட வேண்டும் என்று செப்பேடு கூறுகிறது. தென்கிழக்காசிய மன்னர் ஒருவர் எழுப்பிய மடத்தில் நூல் எழுதும் பணி நடந்தது என்பது இதனால் தெரிகிறது.

படியெடுக்கப்பட்ட நூல்களில் படங்களும் இடம்பெறத் தொடங்கின. காலக்குறிப்போடு நமக்குக் கிடைத்துள்ள பழைய ஓவியச் சுவடிகள் முதலாம் மகிபாலரின் ஆட்சியைச் சேர்ந்தவை. அவருடைய ஐந்தாம் ஆட்சியாண்டில் எழுதப்பட்ட ஒரு சுவடி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலும், ஆறாம் ஆட்சியாண்டில் நாலந்தாவில் எழுதப்பட்ட மற்றொன்று கொல்கத்தாவின் ஆசியச் சங்கத்திலும் உள்ளன. இரண்டும் கி.பி. 1000ஆம் ஆண்டை ஒட்டியவை. இந்த மகிபாலர் தமிழ் வரலாற்றுக்கும் அறிமுகமானவரே. கங்கைக் கரை வரை சென்ற இராசேந்திர சோழனின் படை வென்றதாகத் திருமலைக் கல்வெட்டு குறிப்பிடும் மகிபாலன் இவர்தான்.

ஓலை வகுத்த எல்லை

தமிழ்நாட்டுச் சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு எழுத்தாணி தெரிந்திருக்கும். பனையோலையின் மீது இரும்பு எழுத்தாணியால் கீறி எழுதுவர். பிறகு கரியைப் பூசித் துடைத்தால், கீறலில் கரி தங்கி எழுத்து தெளியும். கிழக்கிந்தியாவிலும் நேபாளத்திலும் வழங்கிய முறை வேறு. அங்குத் தாளிப்பனை இனத்து ஓலையைப் பதப்படுத்தி, அதன் மேல் நாணல் பேனாவால் மை கொண்டு எழுதினர். தாளிப்பனை ஓலை பனையோலையைவிட அகலமானது; மெல்லியது; வழவழப்பானது. மையை ஏற்கும் பரப்பு வண்ணத்தையும் ஏற்கும். ஆகவே, எழுத்தும் ஓவியமும் ஒரே ஏட்டில் அருகருகே அமைய முடிந்தது.

எனினும், ஓலை விரும்பிய வடிவில் கிடைக்காது. அதன் நீளம் பெரும்பாலும் 50 சென்டிமீட்டரைத் தாண்டும். உயரமோ 5 முதல் 7 சென்டிமீட்டர் வரைதான். அந்த ஒடுங்கிய பட்டையில் ஆறு அல்லது ஏழு வரிகள் எழுதுவர். ஏடுகளைச் சேர்த்துக் கட்டும் கயிற்றுக்காகத் துளைகளும் இடப்பட்டிருக்கும். எழுத்தர் எழுதிச் செல்லும்போதே ஓவியருக்கான இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார். பொதுவாக, ஓவியமுள்ள ஏட்டில் நடுவே ஒன்றும் இரு பக்கங்களில் ஒவ்வொன்றுமாக மூன்று படங்கள் அமையும். சுவடி முழுவதும் படங்கள் இரா. தொடக்கத்திலும் முடிவிலும், சிலவற்றில் இடையிலும் உள்ள ஒருசில ஏடுகளே ஓவியம் பெறும். சுவடிக்கு மேலும் கீழும் வைக்கப்படும் மரப்பலகைகளின் உட்புறத்திலும் ஓவியம் தீட்டுவது உண்டு.

ஓவியருக்குக் கிடைத்த இடம் இவ்வளவுதான். சுவரோவியர் ஓர் அரண்மனையையும் அதில் நூறு மனிதர்களையும் காட்டலாம். சுவடி ஓவியரோ ஓலையின் உயரத்துக்குள் ஒரு தெய்வத்தையோ ஒரு நிகழ்ச்சியையோ முழுமையாக உணர்த்த வேண்டும். எதை வரைவது என்பதைவிட எதை விடுவது என்பதே அவருக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. இந்தப் பாணியின் சிறப்புகள் பலவும் அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளே.

வண்ணமும் கோடும்

ஓவியர்கள் கையாண்ட அடிப்படை வண்ணங்கள் சிலவே. மஞ்சளுக்கு அரிதாரம், சிவப்புக்குச் சாதிலிங்கம், நீலத்துக்கு அவுரி, கருமைக்கு விளக்குக்கரி ஆகியவற்றோடு வெள்ளையும் பயன்பட்டது. அரிதாரத்தையும் அவுரியையும் கலந்து பச்சை நிறம் பெற்றனர். அரிதாரம் என்பது மண்ணிலிருந்து கிடைக்கும் மஞ்சள் நிறக் கனிமம். கூத்துக் கலைஞர்கள் முகத்தில் பூசிய ஒப்பனைக்கும் அப்பெயர் வழங்கியதால், ‘அரிதாரம் பூசுதல்’ என்னும் தொடர் இன்றும் தமிழில் உள்ளது.

இந்த நிறங்கள் அழகுக்காக மட்டும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. புத்தரின் மேனி பொன்னிறம். தாரை என்னும் தேவியின் புகழ்பெற்ற வடிவம் பச்சை. அவலோகிதேசுவரர் பெரும்பாலும் வெண்மை. படம் சிறியதாக இருந்தாலும் நிறத்தைக் கண்டதும் உருவத்தை அடையாளம் காணலாம். பின்புலம் பெரும்பாலும் சிவப்பு அல்லது நீலமாக ஒரே நிறத்தில் இருப்பதால், உருவம் தனித்துத் தெரியும்.

நிறத்தைவிடக் கோடே இந்தப் பாணியின் உயிர். ஓவியர் முதலில் உருவத்தின் புறக்கோட்டை வரைவார். அதற்குள் நிறம் நிரப்புவார். பின்னர் உடலின் ஓரங்களில் சற்று அடர்ந்த நிறம் கொடுத்து, திரட்சியைக் காட்டுவார். இறுதியில் கண், இதழ், விரல், ஆடையின் விளிம்பு ஆகியவற்றை நுண்ணிய கோட்டால் முடிப்பார். கோடு எங்கும் முறியாமல், கொடிபோல் வளைந்து செல்லும். தலை ஒருபுறம் சாய, இடை மறுபுறம் வளைய நிற்கும் உருவங்களில் இந்த நெளிவைத் தெளிவாகக் காணலாம். தாழ்ந்த இமைகள் முகத்துக்கு அமைதி தருகின்றன.

ஓரத்தை அடர்த்தியாக்கித் திரட்சி காட்டும் முறை அஜந்தாவில் முன்பே இருந்தது. சுவரில் பழகிய அந்த நுட்பத்தைக் கிழக்கிந்திய ஓவியர்கள் விரல் அளவுக்குச் சுருக்கினார்கள். இதே காலத்தை ஒட்டி மேற்கிந்தியாவில் வளர்ந்த சமணச் சுவடி ஓவியங்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு நன்கு விளங்கும். அவற்றில் கோடுகள் கூர்மையாகத் திரும்பும். பக்கவாட்டில் திரும்பிய முகத்தின் மறுபக்கக் கண் முகக்கோட்டைத் தாண்டி வெளியே நிற்கும். உடலில் திரட்சி குறைவு. இரண்டுமே ஓலையில் பிறந்தவைதாம். ஆனால், மேற்கிந்தியக் கலை கோட்டின் விறுவிறுப்பை நாடியது. கிழக்கிந்தியக் கலை உடலின் மென்மையை நாடியது.

எட்டு நிகழ்ச்சிகள்

மிகுதியாக ஓவியம் பெற்ற நூல் ‘அஷ்டசாகஸ்ரிகா பிரஞ்ஞாபாரமிதா’ என்பது. ‘பிரஞ்ஞாபாரமிதா’ என்பதற்கு ‘மெய்யறிவின் நிறைவு’ என்று பொருள் கொள்ளலாம். 32 அசைகளை ஓர் அலகாகக் கொண்டு கணக்கிட்டால் எண்ணாயிரம் அலகுகள் வரும் என்பதால் ‘அஷ்டசாகஸ்ரிகா’ என்னும் அடைமொழி சேர்ந்தது. புத்தரும் அவருடைய மாணவர்களான சுபூதி, சாரிபுத்தர் முதலியோரும் நடத்தும் உரையாடலாக அமைந்த தத்துவ நூல் இது. பொருள்களின் இயல்பு என்ன, வெறுமை என்பது யாது என்பன போன்ற நுட்பமான கருத்துகளை இது ஆராய்கிறது.

அத்தகைய நூலுக்குப் படம் வரைவது எப்படி? வெறுமையை வரைந்து காட்ட முடியாது. ஓவியர்கள் அதற்கு முயலவும் இல்லை. இந்தச் சுவடிகளில் உள்ள படங்கள், பெரும்பாலும், அருகிலுள்ள வரிகளை விளக்குவதில்லை. அவை புத்தரின் வாழ்வில் நடந்ததாகப் போற்றப்படும் எட்டு நிகழ்ச்சிகளையும், பௌத்தர் வணங்கும் தெய்வ வடிவங்களையும் காட்டுகின்றன.

அந்த எட்டு நிகழ்ச்சிகளும் எட்டு ஊர்களோடு தொடர்புடையவை. லும்பினியில் பிறப்பு, புத்தகயாவில் ஞானம் பெற்றது, சாரநாத்தில் முதல் அறவுரை, சிராவஸ்தியில் நிகழ்த்திய அற்புதம், சங்காசியத்தில் வானுலகிலிருந்து இறங்கியது, இராசகிருகத்தில் மதயானையை அடக்கியது, வைசாலியில் குரங்கு தேன் அளித்தது, குசிநகரத்தில் பரிநிர்வாணம் என்பன அவை. பாலர் காலச் சிற்பிகள் கல்லிலும் இவற்றை ஒன்றாகச் செதுக்கியுள்ளனர்.

ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஓவியர் ஓரிரு குறிகளாகச் சுருக்கினார். மாயாதேவி மரக்கிளையைப் பற்றி நின்றால் அது பிறப்பு. அமர்ந்த புத்தரின் வலக்கை நிலத்தைத் தொட்டால் அது ஞானம் பெற்ற தருணம். சக்கரமும் இரு மான்களும் இருந்தால் அது முதல் அறவுரை. புத்தர் வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தால் அது பரிநிர்வாணம்.

யானையை அடக்கும் காட்சி இந்தச் சுருக்கத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. புத்தரைக் கொல்வதற்காக வெறியூட்டி ஏவப்பட்ட நளகிரி என்னும் யானை, அவருடைய அன்பின் முன் பணிந்தது என்பது கதை. சுவரோவியர் என்றால் சிதறி ஓடும் மக்களையும் மாடங்களிலிருந்து எட்டிப் பார்ப்பவர்களையும் வரைவார். சுவடி ஓவியர் அவர்களையெல்லாம் விட்டுவிட்டார். படத்தின் நடுவே புத்தர் நெடிது நிற்கிறார். அவர் காலடியில் யானை ஒரு நாய்க்குட்டியின் அளவில் மண்டியிடுகிறது. இயற்கையில் யானை பெரியது, மனிதன் சிறியவன். இங்கு அளவு தலைகீழாக மாறியுள்ளது. வெறியைவிட அன்பு பெரியது என்னும் கருத்தை, ஒரு சொல்லும் இல்லாமல், உருவங்களின் அளவே சொல்லிவிடுகிறது.

வணங்கப்பட்ட நூல்

படங்கள் நூலை விளக்கவில்லை என்றால் அவை எதற்காக? இக்கேள்விக்கான விடை, அந்தச் சுவடியை மக்கள் எவ்வாறு கருதினர் என்பதில் உள்ளது. பிரஞ்ஞாபாரமிதா நூலை எழுதுவதும், பிறருக்கு அளிப்பதும், மலரும் தூபமும் விளக்கும் கொண்டு வழிபடுவதும் பெரும் புண்ணியம் என்று அந்நூலே கூறுகிறது. அந்த அறிவே பிரஞ்ஞாபாரமிதை என்னும் தேவியாகவும் வணங்கப்பட்டது. ஓவியங்களில் அவள் அறவுரை கூறும் கைக்குறியோடு அமர்ந்திருப்பாள்; அவளருகே தாமரை மலரின் மேல் ஒரு சுவடி இருக்கும். அந்தச் சுவடிதான் அவள். அவள்தான் அந்தச் சுவடி.

ஆகவே, படங்கள் சுவடியைப் புனிதமாக்கின. அதற்குக் காவலாகவும் அமைந்தன. கோயிலின் உள்ளே தெய்வ உருவம் இருப்பதைப்போல, ஏடுகளின் நடுவே தெய்வ உருவங்கள் வீற்றிருந்தன. சுவடிகளின் மேற்பலகைகள் சிலவற்றில் சந்தனமும் குங்குமமும் படிந்து தடித்திருப்பதை இன்றும் காணலாம். தலைமுறை தலைமுறையாக நடந்த வழிபாட்டின் தடம் அது.

சுவடியின் இறுதியில் எழுதப்படும் குறிப்பில் பெரும்பாலும் ஆட்சியாண்டும், எழுதுவித்தவரின் பெயரும், சில வேளைகளில் எழுத்தரின் பெயரும் இருக்கும். இந்தப் பணியால் விளையும் புண்ணியம் தாய் தந்தையர், ஆசான் முதலாக எல்லா உயிர்களுக்கும் சேரட்டும் என்ற வேண்டுதலும் இருக்கும். ஓவியரின் பெயரைக் காண்பது அரிது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திபெத்திய வரலாற்றாசிரியர் தாராநாதர், வங்காளத்தின் வரேந்திரப் பகுதியில் தீமான் என்பவரும் அவருடைய மகன் பிட்பாலரும் புகழ்பெற்ற கலைஞர்களாக விளங்கினர் என்று எழுதினார். அவர்கள் கைவண்ணம் இதுதான் என்று சுட்டக்கூடிய ஒரு படமும் இன்று இல்லை. பெயர் இருக்கும் கலைஞருக்குப் படம் இல்லை. படம் இருக்கும் கலைஞருக்குப் பெயர் இல்லை.

படத்தில் கடாரம்

கேம்பிரிட்ஜ் நூலகத்தில் மற்றொரு சுவடியும் உள்ளது. இதே நூலின் படியான அது 1015ஆம் ஆண்டு நேபாளத்தில் எழுதப்பட்டது. எழுதியவர் சுஜாதபத்திரர். அதில் 85 சிறு ஓவியங்கள் உள்ளன. அவற்றுள் பலவற்றின் அருகே, இன்ன ஊரிலுள்ள இன்ன தெய்வம் என்று குறிப்பு எழுதப்பட்டுள்ளது. பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரட் பூஷே இக்குறிப்புகளைப் படித்து 1900ஆம் ஆண்டு வெளியிட்டார்.

அந்த ஊர்களின் பட்டியல் வியப்புக்குரியது. இந்தியாவின் பல பகுதிகளோடு இலங்கையும் சாவகமும் அதில் இடம்பெறுகின்றன. கடாகத் தீவில், வலவதி என்னும் மலையில் உள்ள உலகநாதர் என்ற குறிப்போடு ஒரு படமும் உள்ளது. உலகநாதர் என்பது அவலோகிதேசுவரரின் பெயர். கடாகம் என்பதே தமிழில் கடாரம்; அதுவே இன்றைய கெடா. தீவு என்று எழுதியிருப்பினும், கடல் வழியே சென்றடையும் நாடுகளை அவ்வாறு அழைப்பது அக்கால வழக்கம்.

இமயமலை அடிவாரத்தில் எழுதப்பட்ட நூலில் கடாரத்துத் தெய்வம் எவ்வாறு வந்தது? கடல் வணிகர்களும் யாத்திரிகர்களும் நெடுந்தொலைவு பயணம் செய்த காலம் அது. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் பௌத்தச் சின்னங்கள் பல கண்டெடுக்கப்பட்டுள்ளன. கடாரத்தரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். அந்த விகாரம் எழுந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குள் நேபாளச் சுவடி எழுதப்பட்டது. அது எழுதப்பட்டு ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. வணிகமும் வழிபாடும் போரும் ஒரே கடல்வழியில் நடந்தன. எங்கோ இருந்த ஓர் எழுத்தரும் ஓர் ஓவியரும் அந்தத் தொலைதூர உலகை ஓலைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஓலை நடந்த வழி

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாலர் ஆட்சி மறைந்தது. படையெடுப்புகளால் பெருமடங்கள் தாக்கப்பட்டன. ஆதரவளிக்க அரசும் இல்லை. துறவிகள் பலர் நேபாளத்துக்கும் திபெத்துக்கும் சென்றனர்.

அக்காலத்து நாலந்தாவைத் தர்மசுவாமி என்னும் திபெத்தியத் துறவி நேரில் கண்டார். 1235ஆம் ஆண்டளவில் அவர் அங்குச் சென்றபோது, தொண்ணூறு வயதைக் கடந்த இராகுல சிறீபத்திரர் ஏறத்தாழ எழுபது மாணவர்களுக்கு இலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்தார். படைவீரர்கள் வருகிறார்கள் என்ற செய்தி வந்ததும் மாணவர்கள் சிதறி ஓடினர். முதியவரால் ஓட முடியவில்லை. தம்மை விட்டுவிட்டுத் தப்பிச் செல்லுமாறு அவர் தர்மசுவாமியிடம் கூறினார். தர்மசுவாமி இணங்கவில்லை. ஆசிரியரை முதுகில் சுமந்துகொண்டு சென்று, அருகிலிருந்த ஒரு கோயிலில் மறைந்திருந்தார். வீரர்கள் அவர்களைக் காணாமல் திரும்பினர். அதன்பின் பாடம் தொடர்ந்தது.

மனிதரைச் சுமந்தது போலவே நூல்களையும் மனிதர்கள் சுமந்தனர். மடத்தைப் பெயர்த்து எடுத்துச் செல்ல முடியாது; சுவரோவியத்தைச் சுருட்டி வைக்க முடியாது. இரு பலகைகளுக்கு இடையே கட்டிய ஓலைச்சுவடியை ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறலாம். ஓவியரை வருத்திய அதே சிறுமை ஓவியத்தைக் காத்தது. இமயமலைப் பகுதியின் குளிர்ந்த, வறண்ட காற்றில் ஓலை விரைவில் கெடவும் இல்லை.

நியூயார்க் நகரின் ஆசியச் சங்க அருங்காட்சியகத்திலுள்ள ஒரு சுவடியின் வரலாறு இதற்குச் சான்று. அது 1073ஆம் ஆண்டளவில் நாலந்தாவில் எழுதப்பட்டது. 1151ஆம் ஆண்டளவில் பழுதுபார்க்கப்பட்டது. பின்னர் திபெத்தை அடைந்தது. அதை வைத்திருந்தவர்களின் பெயர்கள் திபெத்திய மொழியில் அதிலேயே எழுதப்பட்டுள்ளன. 1015ஆம் ஆண்டுச் சுவடியிலும் இத்தகைய குறிப்பு ஒன்று உண்டு. அது எழுதப்பட்டு நூறாண்டுகளுக்கு மேல் கழிந்த பின், அதன் பெருமை அறியாதவர் கையில் சிக்கியிருந்த அதைக் கருணவஜ்ரர் என்பவர் மீட்டார் என்று பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட குறிப்பு தெரிவிக்கிறது. ஓவியரின் பெயர் அதில் இல்லை. ஆனால், காப்பாற்றியவரின் பெயர் இருக்கிறது.

சென்ற இடங்களிலெல்லாம் பாணி வேர்விட்டது. நேபாள ஓவியர்கள் அதைத் தொடர்ந்தனர். திபெத்தின் துணி ஓவியங்களில் அதன் சாயல் படிந்தது. மியன்மாரின் பகான் நகரக் கோயில்களில், ஓலையில் சுருங்கிய அந்தக் கோடு மறுபடியும் சுவரில் விரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காத்மாண்டுவில் பணியாற்றிய மருத்துவர் டேனியல் ரைட், 1873 முதல் 1876 வரை சுவடிகள் பலவற்றைத் திரட்டிக் கேம்பிரிட்ஜ் நூலகத்துக்கு அனுப்பினார். செசில் பெண்டால் அவற்றுக்கு விளக்கப் பட்டியல் தயாரித்து 1883இல் வெளியிட்டார். இப்பொழுது அந்நூலகம் மேற்கண்ட சுவடிகளின் ஏடுகளை மின்படிகளாக்கி இணையத்தில் பார்வைக்கு வைத்துள்ளது. கெடாவில் இருக்கும் ஒரு மாணவரும் கடாரத்து உலகநாதரின் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

நாலந்தாவின் செங்கல் இடிபாடுகள் 2016ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயின. அங்குச் செல்வோர் அகன்ற முற்றங்களையும் வரிசை வரிசையான அறைகளையும் காண்கிறார்கள். அந்த அறைகளில் வாழ்ந்தவர்கள் எழுதியதையும் தீட்டியதையும் காண வேண்டுமானால், வேறு ஊர்களின் நூலகங்களைத்தான் நாட வேண்டியுள்ளது. ஒரு நூல் காலத்தைக் கடந்து நிற்பதற்கு எழுதுபவரும் தீட்டுபவரும் மட்டும் போதாது. அதைத் தாங்கிச் செல்லும் தோளும் வேண்டும். ஆயிரம் ஆண்டுகளாக அத்தகைய தோள்கள் அடுத்தடுத்துக் கிடைத்ததால்தான் அந்தச் சிறு கட்டங்களுக்குள் யானை இன்னும் பணிந்து நிற்கிறது.

அருஞ்சொற்பொருள்

செப்பேடு – அரசாணை பொறிக்கப்பட்ட செம்புத் தகடு
படியெடுத்தல் – மூலத்தைப் பார்த்து மற்றொரு பிரதி எழுதுதல்
சாதிலிங்கம் – சிவப்பு நிறம் தரும் கனிமம்
அவுரி – நீலச் சாயம் தரும் செடி
திரட்சி – உருண்டு திரண்ட தன்மை
பரிநிர்வாணம் – புத்தர் உடலை நீத்து இறுதி வீடுபேறு அடைதல்
சாவகம் – இன்றைய ஜாவாத் தீவு
விகாரம் – பௌத்தத் துறவிகள் தங்கும் மடம்

கருத்துணர் கேள்விகள்

1. தமிழ்நாட்டில் ஓலையில் எழுதும் முறைக்கும் கிழக்கிந்தியாவில் எழுதும் முறைக்கும் உள்ள வேறுபாடு யாது? அது ஓவியக்கலைக்கு எவ்வாறு துணைபுரிந்தது?
2. நளகிரி யானையின் படத்தில் உருவங்களின் அளவு எக்கருத்தை உணர்த்துகிறது?
3. சுவடியில் உள்ள படங்கள் நூலின் வரிகளை விளக்கவில்லை எனில், அவை எந்நோக்கத்திற்காகத் தீட்டப்பட்டன?
4. ‘ஓவியரை வருத்திய அதே சிறுமை ஓவியத்தைக் காத்தது.’ இக்கூற்றைப் பகுதியில் உள்ள சான்றுகளோடு விளக்குக.
5. தர்மசுவாமியின் செயல் அவருடைய எப்பண்பைக் காட்டுகிறது? அவருடைய நிலையில் நீங்கள் இருந்தால் என்ன முடிவு எடுத்திருப்பீர்கள்? ஏன்?
6. உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ காக்கப்பட வேண்டிய பழைய ஏடு, கடிதம், படம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைக் காக்கும் வழிகளைப் பற்றி 80 சொற்களில் எழுதுக.